அரை மார்க்கும் ஒரு கெவ்ரெக்கும்

அரை மார்க் போச்சுங்க.

எதுக்குப் போச்சுன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒரு ரொட்டிக்கு. நடுவுல ஓட்டை, மேல எள்ளு, கனமான கைவளை மாதிரி இருக்கும். "பேக்கரியில் நடக்கும் உரையாடல் ஒன்று எழுதுக"ன்னு பரீட்சைல கேட்டிருந்தாங்க. நான் தினமும் காலைல நடத்துற உரையாடலை அப்படியே எழுதி வச்சேன். "ரெண்டு கெவ்ரெக் குடுங்க அண்ணே." டீச்சர் 'கெவ்ரெக்'கைச் சிவப்பு மையில அடிச்சு, மேல 'சிமித்'னு எழுதி, ஓரத்துல அரை மார்க்கைக் குறைச்சுட்டாங்க.

இந்த ஊர்ல ஒரு பய அதை சிமித்துன்னு சொல்ல மாட்டான்!

(கோவத்துல வந்துருச்சு. மன்னிச்சுக்கோங்க.)

புதுசா படிக்க வந்தவங்களுக்கு: நான் இப்ப இருக்குறது இஸ்மிர்ல. துருக்கியோட மூணாவது பெரிய ஊரு. ஏஜியன் கடல் நிலத்துக்குள்ள நீளமா நுழைஞ்சு வந்து ஒரு வளைகுடாவா நிக்குது, அதைச் சுத்தி ஊரு. துருக்கி அரசு உதவித்தொகைல மேல்படிப்புக்கு வந்திருக்கேன். முதல் வருஷம் பாடம் கீடம் எதுவும் கிடையாது, மொழி மட்டும் தான். காலைல ஒன்பதுக்கு வகுப்பு ஆரம்பிச்சா மத்தியானம் ஒரு மணிக்கு விட்டுருவாங்க. அப்புறம் நல்ல பிள்ளைங்க நூலகத்துக்குப் போவாங்க. நான் கடலுக்குப் போவேன். தூத்துக்குடிக்காரன் வேற எங்க போவான்?

வந்த புதுசுல, வகுப்பு விட்டதும் பசில தள்ளுவண்டிக்காரர்கிட்ட போய், புத்தகத்துல இருந்த வாக்கியத்தை ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சேன். "பிர் சிமித், லுத்ஃபென்." (ஒரு சிமித், தயவுசெய்து.)

அவர் என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "சிமித் இஸ்தான்புல்ல கிடைக்கும். இது கெவ்ரெக்."

கெவ்ரெக்னா மொறுமொறுன்னு அர்த்தம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பிற்பாடு ஒருநாள் அவர்கிட்டயே கேட்டேன். மாவு வளையத்தைச் சுடுறதுக்கு முன்னாடி இங்க கொதிக்கிற பாகுத் தண்ணில முக்கி எடுப்பாங்களாம். இஸ்தான்புல்ல ஆறின பாகுலயாம். அதனால இது தான் ஒசத்தியாம். (இந்த 'ஆம்'களை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வேலை இருக்கு.)

அன்னைக்கு ஆரம்பிச்சது தான். வகுப்புல படிக்கிறது ஒரு துருக்கி மொழி, ஒரு மணிக்கு மேல கேக்குறது இன்னொண்ணு.

சூரியகாந்தி விதையையே எடுத்துக்கோங்க. துருக்கிக்காரங்களுக்கு அது சூரியனைப் பாக்குற பூ இல்ல, நிலாப்பூ. அதனால விதைக்குப் பேரு 'நிலா விதை'. என்ன அழகான வார்த்தை! வகுப்புல படிச்சதும் ஒரு வாரம் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சேன். கடைசில பாத்தா, இஸ்மிர்ல அதை அப்படிச் சொல்றவங்க அபூர்வம். இங்க அதுக்குப் பேரு சீதெம். அகராதியைப் புரட்டினா சீதெம்னா குங்குமப்பூ இனத்துல ஒரு காட்டுப்பூன்னு போட்டிருக்கு. கடற்கரைல ஊரே உக்காந்து பொட்டலம் பொட்டலமா காட்டுப்பூ தின்னுதான்னு குழம்பிப் போனேன்.

தக்காளிக்குப் புத்தகத்துல தொமாதெஸ், சந்தைல தொமாத். மக்காச்சோளத்துக்குப் புத்தகத்துல முசுர் (அது எகிப்து நாட்டுக்கும் பேரு, அது வேற தலைவலி), கடற்கரை வண்டில தாரு. மின்சார ஃப்யூஸுக்குப் புத்தகத்துல சிகோர்தா, வீட்டு ஓனர் வாயில அஸ்ஃபால்யா. கோவம் தலைக்கேறினா 'அஸ்ஃபால்யா போயிருச்சு'ன்னு சொல்றாங்க. நாம 'ஃப்யூஸ் போச்சு'ன்னு சொல்றதுக்குப் பக்கத்து வீடு.

பரீட்சைத் தாளைப் பாத்தப்ப எனக்கும் போனது அது தான்.

டீச்சர் பக்கமும் நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. "நீ நாளைக்கு அங்காராவுல வேலைக்குப் போய் தொமாத்னு சொன்னா சிரிப்பாங்க"ன்னாங்க. சரி தான். ஆனா டீச்சர், அங்காராவுல கடல் இருக்கா?

(இதை மனசுக்குள்ள தான் சொன்னேன். இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி இருக்கு.)

கடல்னு சொன்னதும் கோர்தோனைச் சொல்லணும். அல்சன்ஜாக் பக்கம் கரையை ஒட்டி நீளமா ஒரு நடைபாதையும் புல்வெளியும். சாயங்காலம் ஆனா ஊரே வந்து புல்லுல உக்காந்துரும். கைல தேநீர், மடில சீதெம் பொட்டலம், கண்ணு கடல்ல. மணல் கிடையாது. காலை நனைக்க முடியாது. முதல்ல எனக்கு அது ஒரு குறையாவே இருந்துச்சு (மணல் இல்லாத கரையெல்லாம் ஒரு கரையா). வெயில் காலம் வந்ததும் சமாதானம் ஆயிட்டேன். மத்தியானத்துக்கு மேல கடல்ல இருந்து ஒரு காத்து கிளம்பி வந்து மொத்த ஊரையும் குளுமை பண்ணிட்டுப் போகுது. அதுக்குப் பேரு இம்பாத். எங்க ஊர்ல கடலுக்குப் போறவங்க வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு திசைக்கொரு பேரு வச்சிருப்பாங்க. வெறுமனே 'காத்து'ன்னு சொல்லாம பேரு வச்சுக் கூப்பிடுற ஊருன்னு தெரிஞ்சதும் எனக்கு இந்த இடம் பிடிச்சுப்போச்சு.

அந்த அஸ்ஃபால்யா கிரேக்க வார்த்தைன்னு அப்புறம் தெரிஞ்சுது. பாதுகாப்புன்னு அர்த்தம். அந்த வார்த்தையைப் பேசின ஜனங்க இங்க இல்ல. 1922 செப்டம்பர் 9ஆம் தேதி துருக்கிப் படை ஊருக்குள்ள வந்துச்சு. அடுத்த சில நாள்ல பெரிய தீ. கிரேக்கர், ஆர்மீனியர் குடியிருப்புகள் எரிஞ்சு சாம்பலாச்சு. பின்னாடி நெருப்பு, முன்னாடி தண்ணி, நடுவுல கப்பல் வராதான்னு லட்சக்கணக்குல ஜனங்க நின்னது நான் சீதெம் தோலைத் துப்பிட்டு உக்காந்திருக்குற இதே கரைல தான். எரிஞ்ச இடத்துல 1936ல ஒரு பெரிய பூங்கா திறந்தாங்க, பேரு குல்துர்பார்க். நல்ல நிழல். நான் வினைச்சொல் மனப்பாடம் பண்றது அங்க தான். செப்டம்பர் 9 இங்க ஊர் விடுதலை ஆன நாள். ஒரு சதுக்கத்துக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அந்தத் தேதியே பேரு. அதே தேதி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்கு வேற நாள். அதைப் பத்தி இன்னும் ரெண்டு வரி எழுதற அளவுக்கு எனக்குத் துருக்கியும் பத்தாது, தைரியமும் பத்தாது.

வேற பேசுவோம். தமிழ் தெரிஞ்சதால எனக்குக் கிடைச்ச லாபங்களைக் கொஞ்சம் பீத்திக்கிறேன்.

துருக்கில புள்ளி இல்லாத 'ஐ'ன்னு ஒரு உயிரெழுத்து. வகுப்புல எல்லாருக்கும் எமன். பக்கத்து சீட்டு கென்யாக்காரன் வாயைக் கோணிக் கோணி தாடை வலிக்குதுன்னான். என் முறை வந்துச்சு, சும்மா சொன்னேன், டீச்சர் கை தட்டிட்டாங்க. வேற ஒண்ணுமில்லைங்க, நம்ம குற்றியலுகரம். 'பாட்டு', 'காத்து'ன்னு முடிக்கும்போது உதட்டைக் குவிக்காம ஒரு 'உ' வருதுல்ல, அதே தான். எட்டாம் வகுப்புல தமிழ் ஐயா குற்றியலுகரத்துக்காக என் முட்டில அடிச்ச அடி, இஸ்மிர்ல வந்து வட்டி குடுத்துச்சு.

அப்புறம், வினை கடைசில. ஒட்டு மேல ஒட்டு. 'என்கிட்ட காசு இருக்கு'ங்கிறதை அதே வரிசைல சொல்லலாம். 'டீ கீ ஏதாவது குடிக்கலாமா'ன்னு நாம கேப்போம்ல, அவங்க 'சாய் மாய்'ங்கிறாங்க. நமக்குக் 'கி', அவங்களுக்கு 'ம'. கடைக்காரரை அண்ணே (ஆபி), பழக்கார அம்மாவை அக்கா (ஆப்லா), இன்னும் வயசானவங்களை சித்தப்பா பெரியம்மா கணக்குல கூப்பிடலாம். முன்னப்பின்ன தெரியாத ஆளையும் சொந்தக்காரர் ஆக்குறதுல நமக்குப் பயிற்சி வேணுமா என்ன!

எல்லாத்துலயும் பெரிய ஆச்சரியம் 'மிஷ்'. நாம நேர்ல பாக்காம, அடுத்தவர் சொல்லித் தெரிஞ்சதை வினையோட கடைசில ஒரு 'மிஷ்' போட்டுச் சொல்லணும். கெல்தின்னா வந்தான். கெல்மிஷ்னா வந்தானாம். நம்ம 'ஆம்' தானே? கொலம்பியாப் பொண்ணு இதுக்கு மூணு பக்கம் குறிப்பு எழுதிட்டிருந்தா. நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்.

உடனே விழுந்தேன். டீச்சர் கேட்டாங்க: "நேத்து வராத பையனுக்கு என்ன ஆச்சு?" அவனுக்குக் காய்ச்சல்னு கென்யாக்காரன் தான் எனக்குச் சொன்னான். ஜம்முன்னு ஒரு மிஷ் போட வேண்டிய இடம். எந்திரிச்சு, "காய்ச்சல் வந்தது"ன்னு நேர்ல பாத்த சாட்சி மாதிரி சொல்லிட்டு உக்காந்தேன். "ஓஹோ, தெர்மாமீட்டர் நீ தான் வச்சியா?"ன்னு கேட்டாங்க. இப்படி ஏழெட்டுத் தடவை. தலைக்குத் தெரியுது, வாய்க்குத் தெரியல.

தமிழனா இருந்து நஷ்டப்பட்டதும் உண்டு. ஒருநாள் மூலைக்கடைல "சீதெம் இருக்கா?"ன்னு கேட்டேன். கடைக்காரர் வாய் திறக்கல. புருவத்தைத் தூக்கி, தலையை லேசா பின்னாடி இழுத்து, நாக்கால 'ச்சுக்'னு ஒரு சத்தம். நம்ம ஊர்ல தலையை அப்படி மேல தூக்கினா 'என்னப்பா?'ன்னு அர்த்தம். கேக்கல போலன்னு இன்னும் சத்தமா கேட்டேன். மறுபடி புருவம், மறுபடி 'ச்சுக்'. மூணாவது தடவை கிட்டத்தட்ட கத்தினேன். அவர் பொறுமையா கவுண்டரை விட்டு வெளில வந்து, என் கையைப் பிடிச்சு, காலியா இருந்த தட்டைக் காட்டினார். அந்தப் புருவத்துக்கு 'இல்லை'ன்னு அர்த்தமாம். எந்தப் பாடத்துலயும் அது இல்லைங்க.

இதை விடக் கேவலம் ஒண்ணு இருக்கு. டீக்கடைல ஒரு பெரியவர் எந்த ஊருன்னு கேட்டார். இந்தியான்னு தெரியட்டும்னு, பெருமையா, "நான் ஹிந்தி"ன்னு சொல்லி வச்சேன். ஹிந்திக்காரன்னு ஒப்புக்கிட்டதுக்காக நம்ம ஊர்ல வாங்க வேண்டிய திட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். துருக்கில ஹிந்தின்னா வான்கோழி. இங்கிலீஷ்காரன் அந்தக் கோழிக்குத் துருக்கி பேரை வச்சான், துருக்கிக்காரன் அதை நம்ம தலைல கட்டிட்டான். இந்தியனுக்கு ஹின்த்லின்னு தனி வார்த்தை. பெரியவர் நாகரிகமா சிரிப்பை அடக்கினார். பக்கத்து மேசைக்காரர் அடக்கல, ரெண்டு கையையும் றெக்கையா அடிச்சுக் காட்டினார். இப்பவும் அந்தக் கடைல எனக்கு அது தான் பேரு.

சாப்பாட்டுல பாடம் கத்துக்கிட்டது யெதெர்ங்கிற வார்த்தையில. 'போதும்'. ராத்திரி தெருமுனைல சிப்பிக்குள்ள சோறு அடைச்சு விப்பாங்க. விக்கிறவர் ஒண்ணைத் திறந்து, எலுமிச்சை பிழிஞ்சு கைல குடுப்பார். தின்னதும் அடுத்தது. அடுத்தது. உபசாரம்னு நினைச்சுத் தின்னுட்டே இருந்தேன். அவர் கடைசில ஓட்டை எண்ணித் தான் காசு கேட்டார். அந்த வார்த்தையை முதல் நாளே சொல்லிக் குடுத்திருக்கணும்.

கெமெரால்த்து கடைத்தெருவுல (பாத்தீங்களா, குற்றியலுகரம்) நான் தொலையாத வாரமே இல்ல. முக்கியத் தெரு நேரா போகாது, வில்லு மாதிரி வளையும். அந்தக் காலத்துல அங்க உள் துறைமுகம் இருந்துச்சு, அது தூர்ந்துபோன பிறகும் பழைய கரையோட வளைவுலயே தெரு நின்னுருச்சு. கடல் போயிருச்சு, வளைவு போகல. உள்ள 1744ல கட்டின ஒரு வணிகர் சத்திரம் இருக்கு, குஸ்லாராசு ஹான். அதோட முற்றத்துல, கோப்பையிலயே காய்ச்சின காப்பி கிடைக்கும். கோப்பைக்குப் பேரு ஃபின்ஜான். ரெண்டு மடக்கு குடிச்சப்புறம் தான் உறைச்சுது: நம்ம பீங்கான்! ரெண்டும் ஒரே பாரசீக வார்த்தைக்குப் பொறந்தது தானாம். ஒண்ணு மேற்க போயிருச்சு, ஒண்ணு நம்ம வீட்டு அலமாரிக்கு வந்துருச்சு. அப்படியே பக்கத்து மேசைக் காகிதத்துக்கு 'கியாட்', சர்க்கரைக்கு 'ஷெகெர்', சதுக்கத்துக்கு 'மெய்தான்', ரவை அல்வாவுக்கு 'ஹெல்வா'.

வழி கேக்குறதுல ஒரு தனிக் கொடுமை. இஸ்மிர்ல பெரும்பாலான சந்துகளுக்குப் பேரு இல்ல, எண் தான். அதுவும் மூணு இலக்கம், நாலு இலக்கம். "1482ஆம் சந்துல திரும்பி 1469ல ஏறு"ங்கிறாங்க. திசை சொல்றாங்களா, லாட்டரி முடிவு வாசிக்கிறாங்களா? எண் பாடத்துல நான் முழு மார்க் வாங்கினதுக்கு முழுக் காரணம் இந்த ஊர் மாநகராட்சி.

மணிக்கூண்டு பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க (1901, இருபத்தஞ்சு மீட்டர், நிறைய புறா, அவ்வளவு தான்). எனக்குப் பிடிச்சது கரதாஷ் பக்கம் இருக்குற அஸன்ஸோர். பேருக்கு அர்த்தமே லிஃப்ட். கீழ்த்தெருவுக்கும் மேல்தெருவுக்கும் நடுவுல செங்குத்தா ஒரு பாறை, 155 படி. 1907ல நெசிம் லெவிங்கிற யூத வணிகர், ஏறி இறங்க முடியாதவங்களுக்காக ஒரு கோபுரமே கட்டி உள்ள லிஃப்ட் வச்சுட்டார். மேல போனா மொத்த வளைகுடாவும் தாம்பாளத்துல வச்ச மாதிரி தெரியும். ஸ்பெயின்ல இருந்து 1492ல துரத்தப்பட்ட யூதர்கள் வழியா வந்தது தான் இங்க காலைல அவிச்ச முட்டையோட தின்ற போயோஸும். நம்ம பரோட்டாவைக் குட்டியா உருட்டி அடுப்புல சுட்டா எப்படி இருக்கும், அது. அதுக்குப் புத்தகத்துல ஒரு வரி கூட இல்ல.

சரி, எழுத உக்காந்ததே இதுக்குத் தான்.

மார்ச் மாசம் ஒருநாள், கொனாக்ல படகு ஏறி எதிர்க்கரைக்கு, கார்ஷுயாகாவுக்குப் போனேன். இருபது நிமிஷம் போல ஆகும். மேல்தளத்துல உக்காந்து கெவ்ரெக்கைப் பிச்சு கடற்புறாவுக்கு வீசிட்டே போகலாம். (இஸ்மிரோட வண்டி எண் 35. கார்ஷுயாகாக்காரங்க தங்களை முப்பத்தஞ்சரைன்னு சொல்லிக்குவாங்க. ஊரோட சேராத அரை! இப்ப நினைச்சா என் அரை மார்க்கும் அங்க தான் போயிருக்கணும்.) இறங்கி ஒரு தெருவுல நுழைஞ்சா நீள வரிசை. முன்னால ஒரு பெரிய எண்ணெய்ச் சட்டி. மெஷின்ல இருந்து மாவு வளையம் வளையமா விழுந்து பொரியுது, பாகுல முங்குது, கோப்பைல ஏறுது. லோக்மா. உளுந்து வடை உருவத்துல ஜாங்கிரி மனசு. ஓசில குடுக்குறாங்க.

புதுக் கடை திறப்பு விழான்னு முடிவு பண்ணிட்டேன். அன்னைக்கு வகுப்புல படிச்ச வாழ்த்து வேற சூடா கைல இருந்துச்சு: 'ஹயுர்லு ஒல்சுன்', நல்லபடியா அமையட்டும். கடை, கார், வீடு, புது வேலை, எல்லாத்துக்கும் சொல்லலாம். என் முறை வந்ததும் கோப்பையை வாங்கிட்டு, வண்டி பக்கத்துல நின்ன ஐம்பது வயசுக்காரர்கிட்ட பல்லெல்லாம் தெரிய சொன்னேன். "ஹயுர்லு ஒல்சுன் ஆபி!" பர்ஸை வேற எடுத்து நீட்டினேன்.

அவர் ஒரு நொடி என்னையே பாத்தார். பர்ஸை மெதுவா மடக்கி என் சட்டைப் பக்கம் தள்ளினார். வண்டில ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். ஒரு பொம்பளைப் பேரு, கீழ ஏதோ ரெண்டு வரி.

"அன்னெம்"னார். "நாப்பதாவது நாள்."

அன்னென்னா அம்மா. அன்னெம்னா எங்கம்மா. நம்ம அன்னைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, தற்செயல். ஆனா அந்த வார்த்தையை மொழிபெயர்க்க எனக்கு அரை நொடி கூட ஆகல. காது வழியா நேரா வயித்துல விழுந்துச்சு.

என்ன சொல்றதுன்னு தெரியல. துக்கம் கேக்குற வாக்கியம் வகுப்புல இன்னும் வரல. கோப்பையைப் பிடிச்சுட்டு நின்னேன். அவர் தான், "வெளியூரா?"ன்னு கேட்டார். இந்தியான்னேன் (இந்தத் தடவை சரியா, ஹின்த்லி). "அம்மா இருக்காங்களா?" இருக்காங்கன்னேன். "அவங்களுக்கும் சேத்து சாப்பிடு"ன்னு சொல்லி, கரண்டியால இன்னும் நாலு வளையத்தை அள்ளி என் கோப்பைல போட்டார்.

பின்னால நின்ன ஒரு பாட்டி என் முழங்கையைத் தட்டி, அங்கேயே நிறுத்தி வச்சு, பாடம் எடுத்தாங்க. "அல்லாஹ் கபூல் எத்சின்." ஆண்டவன் ஏத்துக்கட்டும். லோக்மா வாங்கினா சொல்ல வேண்டியது அது. நான் திருப்பிச் சொன்னேன். உச்சரிப்பு சரியில்லன்னு இன்னொரு தடவை சொல்ல வச்சாங்க. வரிசை முழுக்கக் காத்துட்டு நின்னுச்சு, ஒருத்தர் முணுமுணுக்கல. அதுக்கப்புறம் அவர்கிட்ட திரும்பிப் போய்ச் சொன்னேன். நெஞ்சுல கை வச்சுத் தலை குனிஞ்சார்.

படகுல திரும்பி வரும்போது அம்மாவுக்கு போன் பண்ணேன். என்னடா இந்த நேரத்துலன்னு கேட்டாங்க. சும்மான்னேன்.

இது நேத்து. அரை மார்க் போன கடுப்புல அல்சன்ஜாக்ல நடந்துட்டிருந்தேன். ஒரு முனைல வரிசை. எண்ணெய் வாசம். நானும் போய் நின்னேன். முன்னால நின்ன பையன் திரும்பி, யாரோ ஒருத்தர் தன்னோட அப்பாவுக்காகக் குடுக்குறார்னு சொன்னான். கொஞ்ச நேரத்துல பின்னால ஒரு அம்மா வந்து சேந்தாங்க. காய்கறிப் பை, மூச்சு வாங்குது.

"யாருக்காக தம்பி?"

"பாபாஸு இச்சின்மிஷ்"னேன். அவங்க அப்பாவுக்காகவாம்.

அந்த அம்மா தலையாட்டிட்டு, "ஆண்டவன் அவருக்குக் கருணை காட்டட்டும்"னு சொல்லிட்டுப் பையைக் கீழ வச்சாங்க. ரெண்டு அடி நகந்தப்புறம் தான் எனக்கே தெரிஞ்சுது. மிஷ் போட்டிருக்கேன்!

கோப்பை கைக்கு வந்துச்சு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு, அவசரத்துல முதல் வளையத்தை முழுசா வாயில போட்டேன். நாக்கு வெந்து போச்சு. இன்னைக்கு வகுப்புல ஒரு வார்த்தை பேச முடியல.